இருநூற்றெண்பத்தேழு மீற்றர்

ரொம்சோஸ், ஒஸ்லோ
12 மே 2024

அன்புள்ள மச்சாள் புஷ்பமலருக்கு,

இங்கே நானும் உமது அக்கா யோகாம்பாளும் சுகம். அவவுக்குச் சுகம் ஒரு பிடி கூட. என்னை ஏசப் புதுக் காரணம் ஒன்று அகப்பட்டிருக்கிறது. நீரும் உமது நாயும் எப்படி?

இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற விசரன் யாரென்று யோசிப்பீர். போன கிழமை ஒரு படத்தை உமக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். வரவேற்பறையில் நான் புது வேட்டைத் துவக்கோடு நிற்கிற படம். ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா உடனே யோகாவை அழைத்தா. "பிள்ளை, அவர் ஆரோடையும் கொழுவிப்போட்டாரோ? நீ கொஞ்ச நாள் இஞ்சை வந்து நில்லன்." அதனால் இனி நமக்குள் கடிதம்தான்.

விஷயம் இதுதான்: வேட்டைப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். ஐம்பத்துநாலு வயதில், மீசை முளைக்காத பெடியளுக்கு நடுவில் இருந்து எழுதினேன். ஒருவன் என்னை மேற்பார்வையாளர் என்று நினைத்து மலசலகூடம் போக அனுமதி கேட்டான். கொடுத்தேன்.

யோகா கேட்கிறா: "துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனிசன் காசு குடுத்துத் துவக்கு வாங்குது. விசா தந்தவன் கேட்டால் என்ன சொல்லுவியள்?" பஸ் கம்பனியில் நேர அட்டவணை போட்டே காலம் போய்விட்டது. அட்டவணையில் இல்லாத ஒன்று ஒருநாளாவது என் முன்னால் வந்து நிற்கட்டுமே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

துவக்கைத் தெரிவு செய்தது பியோர்ண்டாலில் இருக்கிற என் சிநேகிதர் சூசைரட்ணம். கோயில் தேர் முதல் குளியலறை ஓடு வரை அபிப்பிராயம் வைத்திருப்பவர். "கிட்டப் போய்ச் சுடுறது இறைச்சிக்கடை வேலை, மச்சான். நானூறு மீற்றரிலை விழுத்தினால்தான் வேட்டை" என்கிறார். துவக்கின் மேலே ஒரு தொலைநோக்கி. அதில் நிலாவில் ஆள் நடந்தாலும் தெரியும்.

உமது ஊர்க் குழு ஒக்டோபரில் எல்க் மான் வேட்டைக்குப் போகும்தானே. எனக்கு ஒரு விருந்தாளி இடம் கேட்டுப் பாரும்.

அன்புடன், முழங்கால் நோவுடன்,
இந்திரகுமார்


ஓஸ்டர்டாலன்
3 யூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் யாழும் சுகம். நாய்க்கு ஏன் அந்தப் பெயர் வைத்தாய் என்று அக்கா இன்னும் கோபம். இங்கே ஒருவருக்கும் "ழ" வராது. எல்லோரும் "யால்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதுவும் ஓடிப் போகிறது.

உங்களுடைய படத்தைப் பார்த்துச் சிரித்தேன். கடைசி வரிகளை வாசித்தபோது சிரிப்புப் போய்விட்டது.

அத்தான், இந்த ஊரில் காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் போகும் நாய் யாழ்தான். யாராவது சுட்டு, மிருகம் விழாமல் ஓடினால், தொலைபேசி எனக்கு வரும். போன வருடம் ஒருவர் சதுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நின்ற எல்க்கைச் சுட்டார். தாடையில் பட்டது. நாலாம் நாள் கண்டுபிடித்தோம். எருமையைவிட உயரமான மிருகம், விலா எலும்பு தெரிய நின்றது. வாயைத் திறக்க முடியவில்லை, அதனால் மேய முடியவில்லை. நான் பல் வைத்தியர். தாடை உடைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இத்தனை வருடம் நாயைக் கொண்டுவருகிறவளாக மட்டும் இருந்தேன். இந்த வருடம்தான் குழுவில் எனக்கென்று ஒரு சுடும் இடம் தந்திருக்கிறார்கள். அதைத் தந்த தலைவர் ஒட்வாரிடமே உங்களுக்காகவும் பேசுவேன். ஆனால் குழுவில் ஒரு விதி: நூறு மீற்றருக்கு அப்பால் சுடுவதில்லை. விருந்தாளி விதியை மீறினால், கூட்டிவந்தவருக்கும் சேர்த்து அடுத்த வருடம் இடமில்லை.

மூன்று கேள்வி. கிழமைக்கு எத்தனை தரம் சூட்டுத்திடலுக்குப் போகிறீர்கள்? மேசையில் துவக்கை வைத்துச் சுடுகிறீர்களா, முழங்காலை ஊன்றி இருந்தா? நூறு மீற்றருக்குச் சம்மதமா?

உப்பைக் குறையுங்கள். அக்காவுக்கு என் அன்பு.

புஷ்பா


ரொம்சோஸ்
1 யூலை 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

உப்பு குறைந்துவிட்டது, கறியை இப்போது நானும் சாப்பிடுவதில்லை. மற்றும்படி சுகம்.

செய்தி கேளும். வருடாந்தச் சூட்டுப் பரீட்சையிலும் தேறிவிட்டேன்! நூறு மீற்றரில் கடதாசி மான். சுட்ட ஐந்து ரவையும் நெஞ்சுக்குள். எத்தனையாவது தடவையில் என்று கேட்கிற பழக்கம் நல்ல குடும்பங்களில் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த நோர்வேஜியக் கிழவிக்கு எண்பது வயது. ஐந்து போட்டா, எழும்பினா, கம்பளிப் பின்னலை எடுத்தா. எனக்கு எழும்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை சூசை தன் சிநேகிதர் ஒருவரின் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானூறு மீற்றரில் இரும்புத் தகடு. அடித்தேன், மச்சாள்! முதலில் சத்தமே இல்லை, பிறகு "டிங்" என்று கோயில் மணி மாதிரி. சூசை ஒரு சின்னத் துண்டில் தூரத்துக்குத் தூரம் தொலைநோக்கியை எத்தனை கிளிக் திருப்புவது என்று எழுதித் துவக்கின் கட்டையில் ஒட்டித் தந்திருக்கிறார். எனக்குத் தெரிந்த வேலை: அட்டவணை பார்ப்பது.

ஊர்க்கதை: கஜேந்தினி வீட்டுக் கலியாணத்தில் ஐஸ்கிறீம் முடிந்துபோய்ச் சம்பந்திகள் கதைக்காமல் திரிகிறார்கள். மழையும் விடவில்லை.

யாழுக்கு ஒரு தடவல்.

இந்திரகுமார்


ஓஸ்டர்டாலன்
11 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகம். நான் கேட்டது மூன்று கேள்வி. நீங்கள் எழுதியது ஐஸ்கிறீம்.

இரும்புத் தகடு நடக்காது. நானூறு மீற்றர் போய்ச் சேர சன்னத்துக்கு அரைச் செக்கன் வேண்டும். அந்த அரைச் செக்கனில் எல்க் ஓர் எட்டு வைக்கும். நீங்கள் விசையை இழுக்கும்போது நெஞ்சு இருந்த இடத்தில், சன்னம் வரும்போது வயிறு இருக்கும். அதை எந்தக் கிளிக்கும் திருத்தாது. காற்று வேறு. உங்களுடைய மூச்சு வேறு. எத்தனை தரம் சுட்டதில் எத்தனை "டிங்" என்பதையும் நீங்கள் எழுதவில்லை.

ஒட்வாரிடம் கதைத்துவிட்டேன். "உன் அக்காவின் கணவர் எப்படிச் சுடுவார்?" என்று கேட்டார். "பயிற்சி செய்கிறார், கவனமான ஆள்" என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. இங்கே ஒருவர் சொன்னால் அவ்வளவுதான், அது நிற்கும். நான் சொன்னது உண்மையா, அத்தான்?

புஷ்பா


ரொம்சோஸ்
8 செப்டெம்பர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். உமது கடிதம் பல்லைப் பிடுங்குவது மாதிரி இருந்தது, ஊசி போடாமல்.

சரி, கேளும். நூறு மீற்றர். நல்லூர் முருகன் மேல் ஆணை. அவர் வேலைக்கூட அதற்கு மேல் எறிந்ததாக நான் கேள்விப்படவில்லை. பயிற்சியும் நடக்கிறது, ஓய்வில்லாமல் நடக்கிறது. அலுவலகத்தில் மாடிப்படி ஏறும்போதுகூட மூச்சைப் பிடித்துப் பழகுகிறேன். பஸ் தரிப்பில் நிற்கிற ஆட்களின் தூரத்தைக் கண்ணால் மதிக்கிறேன். ஒருத்தி முறைத்தா.

சூசையின் மருமகன் ரிசாந்தும் இதே தொலைநோக்கி வாங்கியிருக்கிறான். நம்மட ஆட்களுக்குள் இது தங்கச் சங்கிலி மாதிரிப் பரவுகிறது. நான் ஒக்டோபரில் கொண்டுவரப்போகும் எல்க் இறைச்சிக்கு இப்போதே முப்பது பேர் பெயர் கொடுத்தாகிவிட்டது.

சந்திக்கும் வரை சுகமாயிரும்.

இந்திரகுமார்

தங்கச்சி, நான் அக்கா. இவர் முத்திரை எடுக்கப் போன நேரம் எழுதுறன். பரீட்சைக்குப் பிறகு மனிசன் திடல் பக்கம் போகேல்லை. சூசையோட ஒருநாள் போனதுதான். வெறும் துவக்கோட ஹோல் விரிப்பிலை படுத்திருந்து நாடகம் பாக்குது. பிறகு நித்திரை. உன்ரை பேர் கெட்டுப் போகப்போகுது. கவனம். யோகா.


ஓஸ்டர்டாலன்
15 செப்டெம்பர் 2024

அத்தானுக்கு,

சுகம். நீங்கள் கடிதத்தை ஒட்டமுன் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

வேட்டை ஒக்டோபர் ஐந்து, சனிக்கிழமை தொடங்குகிறது. வியாழக்கிழமையே வாருங்கள். வெள்ளி முழுவதும் திடலில் நிற்போம். முழங்காலில் இருந்து ஐந்துக்கு ஐந்து வராவிட்டால், சனிக்கிழமை உங்கள் கையில் கோப்பிப் போத்தல்தான் இருக்கும்.

புஷ்பா


வேட்டைக் குடில், சமையலறை மேசை
சனி மாலை, 5 ஒக்டோபர்

அத்தானுக்கு,

ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு எழுதுகிறேன். வாயைத் திறந்தால் கத்துவேன். அடுத்த அறையில் ஒட்வாரும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் விளங்காது. கத்துவது விளங்கும்.

நேற்று ஐம்பது மீற்றரில் முழங்காலில் இருந்து ஐந்துக்கு ஐந்து எடுத்தீர்கள். அதை நம்பித்தான் சதுப்பின் ஓரத்தில் உங்களை நிறுத்தினேன். அங்கே எல்க் வரும் பாதை கிட்ட. இன்று நாலரைக்குச் சுட்டீர்கள். அது விழாமல் ஓடியது. நீங்கள் காட்டிய பிர்ச் மரத்தடியில் இரத்தம் இல்லை, மயிர் இல்லை. மழையும் தொடங்கிவிட்டது. ஒட்வார் "தவறியிருக்கும்" என்கிறார். நீங்களோ, சுட்டதும் அது முதுகைக் கூனியது என்றீர்கள். கூனினால் வயிற்றில் பட்டிருக்கிறது. வயிற்றில் பட்டதை உடனே துரத்தக்கூடாது, எழும்பி ஓடும். விடியத்தான் போகலாம். அதுவரை அது எங்கோ கிடக்கிறது.

இந்தத் தாளின் மறுபக்கத்தில் எழுதுங்கள். எங்கே நின்றது, எந்தப் பக்கம் திரும்பி நின்றது, எவ்வளவு தூரம், எந்தத் திசையில் ஓடியது. பகிடி வேண்டாம்.

புஷ்பா


(மறுபக்கம்)

மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்க முகம் இல்லை.

வலப்பக்கத்தைக் காட்டி நின்றது. எண்பது மீற்றர் இருக்கும். தொண்ணூறு என்றும் சொல்லலாம், நூறு நிச்சயமாக இல்லை. காட்டிய அந்தப் பிர்ச் மரம்தான். எல்லாம் கெதியாய் நடந்துவிட்டது. கண்ணாடியில் மழைத்துளி. வடக்கே ஓடியது. ஒருவேளை ஒட்வார் சொல்வது சரியோ என்னவோ. என் குறி தவறுவது உலக அதிசயம் இல்லையே.

இந்திரகுமார்


வேட்டைக் குடில்
ஞாயிறு மதியம், 6 ஒக்டோபர்

புஷ்பா,

ஒட்வார் கோப்பி எடுக்க வந்தார். "நாய் அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து அவளுடைய முகத்தைப் பார்க்கிறது" என்றார். விடிந்ததிலிருந்து அப்படித்தானாம். உம்முடைய தொலைபேசி எடுக்கவில்லை. இந்தத் துண்டை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அது பிர்ச் மரம் இல்லை. சதுப்புக்கு அந்தக் கரை. சரிவில் ஒரு பெரிய பாறை இருக்கிறது, மேலே வெள்ளையாய்ப் பாசி. அதன் இடப்பக்கம். இருநூற்றெண்பத்தேழு மீற்றர். மதித்துச் சொல்லவில்லை. கருவியால் அளந்தேன். அளந்துவிட்டு, சூசை ஒட்டிய துண்டைப் பார்த்துத் தொலைநோக்கியைத் திருப்பினேன். திருப்பிவிட்டுத்தான் சுட்டேன். விசையை இழுத்த பிறகு அது ஓர் எட்டு வைத்தது.

கிட்ட வரும் என்று ஒரு மணித்தியாலம் இருந்தேன். வரவில்லை. முப்பது பேரையும் நினைத்தேன். சுட்ட பிறகு உம்மை நினைத்தேன், அதனால் மரத்தைக் காட்டினேன். மரம் நூறுக்குள் இருந்தது.

ஒட்வாருக்கு இதை வாசிக்கத் தெரியாது. பாறைக்குப் போக நீர் என்ன காரணமும் சொல்லலாம், நாய் இழுத்தது என்றும் சொல்லலாம். சொல்வதும் விடுவதும் உமது கையில். எனக்குக் கேட்க உரிமை இல்லை. ஆனால் முதலில் பாறைக்குப் போம்.

இந்திரகுமார்


ரொம்சோஸ்
20 ஒக்டோபர் 2024

அன்புள்ள புஷ்பமலருக்கு,

யோகா சுகம். ஞாயிறு பின்னேரம் என்னை றெயிலில் ஏற்றிவிட்டபோது நீர் சொன்னது ஒரே வசனம்: "அக்காவிட்டைச் சொல்லுங்கோ, நான் பிறகு எடுக்கிறன் எண்டு." எடுக்கவில்லை. கண்டுபிடித்தீர்கள் என்பது மட்டும் தெரியும். யாழின் மார்பெல்லாம் சேறும் இரத்தமும். என்ன நடந்தது என்று தெரியாது.

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலிலும் பகிடி இருந்தது. இதில் இல்லை, அதனால்தான் இவ்வளவு சின்னது.

இந்திரகுமார்


ஓஸ்டர்டாலன்
10 நவம்பர் 2024

அத்தானுக்கு,

நான் சுகம். யாழின் பாதத்தில் ஒரு வெட்டு, ஆறிவிட்டது. எழுத நாள் எடுத்தது.

உங்கள் துண்டை ஒட்வாரின் முன்னால் நின்று வாசித்தேன். முதலில் மனதுக்குள். நாய் இழுத்தது என்று சொல்லலாம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்தச் சுடும் இடத்தை வாங்கித் தந்தவர். பிறகு முதலிலிருந்து, நோர்வேஜிய மொழியில், சத்தமாக வாசித்தேன். அந்த வரியையும் விடவில்லை.

முடித்ததும், "ஒன்றை மட்டும் திரும்ப வாசி" என்றார். மரத்தைப் பற்றிய பொய்யைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அளந்தேன் என்ற வரியை. திரும்ப வாசித்தேன். "தூரம் தெரியாமல் சுட்டால் மடையன் என்று மன்னிக்கலாம். இவருக்குத் தெரிந்திருக்கிறது" என்றார்.

பாறையின் இடப்பக்கம் யாழ் உடனே மோப்பம் பிடித்தது. ஓடைக்கு அப்பால், இளம் ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் படுத்திருந்தது. உயிரோடு. எங்களைக் கண்டு தலையைத் தூக்கியது. எழும்பப் பார்த்தது, பின்னங்கால் வரவில்லை. ஒரு சமையலறை நீளத் தூரத்தில் நின்று நான் சுட்டேன். எனக்கென்று இடம் கிடைத்த முதல் வருடத்தில் நான் சுட்ட ஒரே ரவை அது.

வயிறு உடைந்து இரவு முழுக்கக் கிடந்ததால் இறைச்சி பழுது. புதைத்தோம். முப்பது பேருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

போன கிழமை குழு கூடியது. விதிப்படி உங்களுக்கும் எனக்கும் அடுத்த வருடம் இடமில்லை. கை தூக்கச் சொன்னபோது ஒட்வாரின் கை எழும்பவில்லை. அதனால் நான் என் கையை முதலில் தூக்கினேன். பிறகு அவர் தூக்கினார்.

தேடுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்களாம். நாய் என்னுடையது.

அக்காவுக்கு அன்பு. உங்கள் முழங்காலை வைத்தியரிடம் காட்டுங்கள்.

புஷ்பா


ரொம்சோஸ்
1 டிசெம்பர் 2024

அன்புள்ள புஷ்பமலருக்கு,

யோகா சுகம். முழங்காலைக் காட்டினேன், வைத்தியர் என் வயிற்றைப் பார்த்துத்தான் கதைத்தார்.

நேற்று சூசை வீட்டில் பிறந்தநாள் விருந்து. நான் போய்ச் சேரமுன்னமே கதை போய்ச் சேர்ந்திருந்தது. முப்பது பேருக்கும் "இறைச்சி பழுதாய்ப் போச்சு" என்று மட்டும் சொன்னேன், ஏனென்று சொல்லவில்லை. சூசைக்கு மட்டும் தூரம் தெரியும். துண்டு வேலை செய்ததா என்று ஒக்டோபரிலேயே கேட்டு வாங்கிவிட்டார். கதவைத் திறந்தபடியே கத்தினார்: "இதோ வாறார், இருநூற்றெண்பத்தேழு மீற்றர்!" கை தட்டினார்கள், மச்சாள். ஒருவர் எழும்பித் தன் கதிரையைத் தந்தார். ஒரு நிமிடம் அதில் இருந்தும் பார்த்தேன். நல்ல கதிரை.

ரிசாந்த் ஆட்டுக்கறித் தட்டோடு பக்கத்தில் வந்தான். "மாமா, உந்தத் தூரத்துக்கு எத்தினை கிளிக் திருப்பினனீங்கள்?"

நான் எழும்பினேன். உமது கடிதத்தில் இருந்ததை, நீர் எழுதிய ஒழுங்கிலேயே சொன்னேன். மரத்தைக் காட்டியதையும், அது தலையைத் தூக்கியதையும், நீர் கை தூக்கியதையும் விடவில்லை. இத்தனை வருடமாக நான் எழும்பினால் சிரிக்கத் தயாராகிற ஆட்கள். இரண்டு பேர் பழக்கத்தில் தொடக்கத்திலேயே சிரித்துவிட்டு, பிறகு எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நின்றார்கள்.

"சாப்பிடுற நேரத்திலை உந்தக் கதை ஏன் காணும்?" என்றார் சூசை.

"சுடுற நேரத்திலை சொல்ல ஆள் இருக்கேல்லை, சூசை" என்றேன்.

யோகா என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டா. படியில் இறங்கும்போது ரிசாந்த் பின்னால் ஓடிவந்தான். என்னவோ மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்தி, "அது சரி மாமா. எண்டாலும் எத்தினை கிளிக்?" என்கிறான்!

யோகாவுக்கு வந்த கோபத்தில் இரண்டு படி தவறியது. நான் சொன்னேன்: "நாளைக்குத் திடலுக்கு வாரும். முழங்காலிலை இருந்து நூறு மீற்றரிலை அஞ்சு போடும். அஞ்சும் விழுந்தால் சொல்லுறன்."

வருவான் என்று நினைக்கவில்லை. இன்று காலை வந்து நின்றான், அந்தத் தொலைநோக்கியோடு. பனிக்குள் முழங்காலில் இருந்தோம். ஐந்தில் அவனுக்கு இரண்டு விழுந்தது. உமது கடிதம் வந்த நாளிலிருந்து கிழமைக்கு மூன்று தரம் போகிற எனக்கு மூன்று. இலக்கில் இருந்த ஓட்டைகளை இருவரும் கிட்டப் போய்ப் பார்த்தோம். அவனுடைய ஒன்று வயிற்றில். என்னுடைய ஒன்றும் வயிற்றில்.

"திருப்பிப் போடுவமோ, மாமா?" என்றான்.

விரல் விறைத்துப் போகும் வரை போட்டோம். கிளிக் பற்றி அவன் கேட்கவில்லை.

இந்திரகுமார்